கூரைக்காகக் காத்திருந்த அரங்கம்: மாண்ட்ரியல் ஒலிம்பிக் மைதானத்தின் ஐம்பது ஆண்டுகள்

கனடாவின் மாண்ட்ரியல் நகரில் ஒரு குளிர்காலத்துக்குச் சராசரியாக இரண்டு மீட்டர் பனி கொட்டும். அந்த ஊரின் மிகப் பெரிய மூடிய அரங்கத்தில் நெடுங்காலம் ஒரு விதி இருந்தது. 3 சென்டிமீட்டருக்கு மேல் பனி பெய்யும் என்று வானிலை அறிக்கை சொன்னால் உள்ளே எந்த நிகழ்ச்சியும் நடக்கக் கூடாது. தலைக்கு மேலே கூரை இருந்தும், அது பனியைத் தாங்கும் என்று யாரும் நம்பவில்லை.

1976 ஒலிம்பிக்குக்காகக் கட்டப்பட்ட இந்த அரங்கத்தில் தடகளம், பேஸ்பால், கனடிய கால்பந்து (அமெரிக்க ஃபுட்பால் போன்று பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம்), சாக்கர் (நாம் கால்பந்து என்பது), குத்துச்சண்டை, ராக் இசை, கார் கண்காட்சி, போப்பாண்டவரின் கூட்டம் எல்லாம் நடந்திருக்கின்றன. ஆனால் இவற்றில் எந்த ஒன்றுக்கும் இது பொருத்தமான இடமாக அமையவில்லை. வயதாகிவிட்டதால் வந்த கோளாறு என்று சொல்லி இதைக் கடந்துவிட முடியாது. கோளாறுகளில் பெரும்பாலானவை வரைபடத்திலேயே இருந்தவை. வேலை பாதியில் நின்றபோது அவை அப்படியே உறைந்துவிட்டன.

1970 மே 12 அன்று ஆம்ஸ்டர்டாமில் மாஸ்கோவையும் லாஸ் ஏஞ்சலிஸையும் தோற்கடித்து மாண்ட்ரியல் இந்தப் போட்டியைப் பெற்றது. மேயர் ழான் டிராப்போ கொடுத்த வாக்குறுதி, ‘அடக்கமான ஒலிம்பிக்’. நாணயம், தபால்தலை, லாட்டரி விற்ற பணமே செலவை ஈடுகட்டும் என்றார். ஓர் ஆண் கருவுற்றுப் பிள்ளை பெற்றால்தான் ஒலிம்பிக்கில் நட்டம் வரும் என்ற பொருளில் அவர் சொன்னதைக் கனடாக்காரர்கள் இன்றுவரை மறக்கவில்லை. அரங்கத்தை வடிவமைக்க அவர் அழைத்து வந்தவர் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் ரொஜே தாயிபேர். பாரிஸின் பார்க் தெ பிரின்ஸ் மைதானத்தைக் கட்டியவர் அவர்.

தாயிபேரின் எண்ணம் அழகானது, அதை ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். நீள்வட்ட அரங்கம். பார்வையாளரின் கண்ணை மறைக்க உள்ளே ஒரு தூண்கூடக் கிடையாது. வெளிப்புறத்திலிருந்து 34 கான்கிரீட் விலாக்கள் வளைந்து எழுந்து இருக்கைகளின் மேல் நீண்டு நிற்கும். விலாக்களின் நுனிகளை ஒரு வளையம் இணைக்கும். விளக்கு, ஒலிபெருக்கி, காற்றோட்டக் கருவிகள் எல்லாம் அந்த வளையத்துக்குள் அடங்கும். நடுவில் இருக்கும் திறப்பை மூட ஒரு துணிக்கூரை. அதைத் தூக்கவும் இறக்கவும் அரங்கத்தின் ஒரு பக்கத்தில் 45 பாகை சாய்ந்து நிற்கும் கோபுரம். அதன் உயரம் 165 மீட்டர்.

ஒவ்வொரு விலாவும் ஒரே வார்ப்பில் வந்ததல்ல. முன்பே வார்த்த கான்கிரீட் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, இடையில் எபாக்ஸி பசை பூசி, துண்டுகளின் ஊடே விட்ட குழாய்களில் எஃகு கேபிள்களைக் கோத்து, ஜாக் வைத்து இழுத்து இறுக்குவார்கள். நூலில் கோத்த மணிகளை இரு முனையிலும் பிடித்து இழுத்தால் மணிச்சரம் விறைத்து நிற்பதுபோலத்தான் இது. தொழிற்சாலையில் வார்ப்பதால் தரமும் வேகமும் கிடைக்கும் என்பது கணக்கு. ஒரே அச்சில் நூற்றுக்கணக்கான துண்டுகளை வார்க்கும்போதுதான் அந்தக் கணக்கு பலிக்கும். நீள்வட்டத்தில் வளைவு இடத்துக்கு இடம் மாறும். ஒரு விலாவின் அளவு அடுத்ததற்குப் பொருந்தாது, அச்சும் மாற வேண்டும். துண்டின் முகம் சற்றே பிசகினாலும் கேபிள் குழாய்கள் நேராக இணையாது. மாண்ட்ரியல் குளிரில் எபாக்ஸி இறுகவும் செய்யாது, இணைப்புகளை மூடிச் சூடேற்றியாக வேண்டும். மிதமான குளிருள்ள பாரிஸில் எளிதாக முடிகிற வேலை இங்கே மாதக் கணக்கில் இழுத்தது.

1973-ல் தொடங்கிய பணியை வேலைநிறுத்தங்களும் தின்றன. காலெடுத்து வைக்க இடமில்லாத களத்தில் கிரேன்கள் ஒன்றுக்கொன்று வழிமறித்து நின்றன. 1975 நவம்பரில் கியூபெக் மாகாண அரசு நகராட்சியிடமிருந்து திட்டத்தைப் பறித்துக்கொண்டது. அப்போது எடுத்த முடிவு நியாயமானதுதான்: போட்டிக்குத் தேவையானதை மட்டும் முடிப்பது, கோபுரத்தையும் கூரையையும் விட்டுவிடுவது. 1976 ஜூலை 17 அன்று இரண்டாம் எலிசபெத் அரசி போட்டியைத் தொடங்கிவைத்தபோது கோபுரம் பாதியில் நின்றது, கூரை இல்லை. கட்டுமானத்தில் 11 தொழிலாளர்கள் இறந்திருந்தார்கள். நீதிபதி ஆல்பர்ட் மலூஃப் தலைமையிலான விசாரணை ஆணையம் 1980-ல் தந்த அறிக்கை, மேயரையும் கட்டடக் கலைஞரையும் நேராகவே குற்றம் சாட்டியது.

கடனை அடைக்க மாகாணம் 1976-ல் புகையிலைக்குச் சிறப்பு வரி போட்டது. வட்டியோடு சேர்த்து 160 கோடி கனடிய டாலரை ஒட்டிய சுமை அது, 2006 இறுதியில்தான் தீர்ந்தது. முப்பது ஆண்டுகள் கியூபெக்கில் சிகரெட் பற்றவைத்த ஒவ்வொருவரும் இந்த அரங்கத்துக்குத் தவணை கட்டியிருக்கிறார்கள்.

எல்லா ஆட்டத்துக்கும் ஒரே தரை

ஒலிம்பிக் முடிந்ததும் அரங்கம் வாடகைக்காரர்களைத் தேடியது. பல்நோக்கு அரங்கம் என்பதன் வலி இங்கேதான் ஆரம்பிக்கிறது. அளவுகளைப் பார்த்தாலே புரியும்.

400 மீட்டர் ஓடுதளம் ஒன்றுக்குச் சுமார் 177 மீட்டர் நீளமும் 93 மீட்டர் அகலமும் உள்ள நீள்வட்டம் வேண்டும். இந்த அரங்கத்தின் வடிவம் அதற்காகவே பிறந்தது. கனடிய கால்பந்துக்கு, இரு முனைப் பகுதிகளையும் சேர்த்து, 137 மீட்டர் நீளம், 59 மீட்டர் அகலம் போதும். நீள்வட்டத்துக்குள் அந்தச் செவ்வகத்தை வைத்தால் பக்கவாட்டில் பெரிய வெற்றிடம் விழும். நடுக்கோட்டுக்கு நேரே விலை உயர்ந்த இருக்கையில் உட்கார்ந்தவர்தான் ஆட்டக்காரரிடமிருந்து அதிகம் விலகிப்போகிறார்.

பேஸ்பாலுக்கு இது இன்னும் மோசம். அந்த மைதானம் ஒரு விசிறி. மட்டையாளர் நிற்கும் மூலையிலிருந்து இரு எல்லைக்கோடுகள் செங்கோணத்தில் விரியும். இங்கே அவை ஒவ்வொன்றும் 99 மீட்டர், நடுவே வேலி 123 மீட்டர் தூரத்தில். ஆட்டத்தின் முக்கால்வாசி விசிறியின் கைப்பிடியில், 27.4 மீட்டர் பக்கமுள்ள சதுரத்தில் நடக்கிறது. ரசிகன் உட்கார விரும்புவதும் அந்த மூலையைச் சுற்றித்தான். நீள்வட்டமோ இருக்கைகளை எல்லாத் திசையிலும் ஒரே சீராகப் பரப்பி வைத்திருக்கிறது. பல்லாயிரம் இருக்கைகள் பந்து எப்போதாவது வந்து விழும் வெளிக்களத்தைப் பார்த்தபடி கிடந்தன. ஓடுதளத்தை அகற்றியும் இந்தத் தூரம் குறையவில்லை, ஏனென்றால் படிக்கட்டு வரிசைகள் நின்ற இடத்திலேயே நின்றன.

தரையும் பொது. எந்த ஆட்டத்துக்கும் மாற்றிக்கொள்ள வசதியாகக் கெட்டியான அடித்தளத்தின் மேல் மெல்லிய மெத்தை, அதன்மேல் குட்டையான நைலான் புல் என்பது எழுபதுகளின் வழக்கம். பந்து வேகமாக ஓடும், மழையில் சேறாகாது. ஆனால் குதித்து ஓடும் வீரனின் எடையை மண் வாங்கிக்கொள்வதுபோல அது வாங்காது, அதிர்ச்சி முழங்காலுக்குத் திரும்பும். மாண்ட்ரியலின் பேஸ்பால் அணியான எக்ஸ்போஸின் வெளிக்கள வீரர் ஆண்ட்ரே டாசன் இதற்குக் கொடுத்த விலை எல்லோருக்கும் தெரிந்தது. முழங்கால்கள் தேய்ந்துபோன அவர், இயற்கைப் புல் உள்ள மைதானம் வேண்டும் என்று 1987-ல் சிகாகோ கப்ஸ் அணியிடம் சம்பளம் எழுதாத வெற்று ஒப்பந்தத்தை நீட்டினார். அவர்கள் ஐந்து லட்சம் டாலர் எழுதினார்கள். அந்த ஆண்டே லீகின் மிகச் சிறந்த வீரர் விருதை வாங்கினார். தரையைக் காரணம் காட்டித் தன் சம்பளத்தைத் தானே வெட்டிக்கொண்ட இன்னொரு நட்சத்திரத்தைத் தேடினாலும் கண்டுபிடிப்பது கடினம்.

கூரை இல்லாத அரங்கத்தில் குளிர்காலம் என்ன செய்யும் என்பதை 1977 நவம்பர் 27 காட்டியது. கனடிய கால்பந்தின் இறுதி ஆட்டமான கிரே கோப்பை, 68,318 பேர் முன்னிலையில். களத்தில் விழுந்த பனியைக் கரைக்க உப்புத் தூவினார்கள். கரைந்தது, ஆனால் குளிர் இறங்கியதும் அந்த நீரே செயற்கைப் புல்லின்மேல் பனிக்கட்டித் தகடாக உறைந்தது. உப்பு உறைநிலையைச் சில பாகைதான் இறக்கும், அதற்கும் கீழே வெப்பம் போய்விட்டால் பயனில்லை. அடியில் நீர் வடியவும் வழியில்லாததால் உருகிய அத்தனையும் அங்கேயே தேங்கியது. வீரர்கள் நிற்க முடியாமல் வழுக்கினார்கள். உள்ளூர் அணியான அலுவெட்ஸின் வீரர்கள் ஸ்டேப்ளர் துப்பாக்கியை எடுத்து, காலணி அடியில் உள்ள ரப்பர் குமிழ்களில் கம்பி ஸ்டேப்பிள்களை அடித்துக்கொண்டார்கள். கம்பி முனைகள் பனிக்கட்டியில் பிடித்துக்கொண்டன. 41–6 என்று எட்மன்டனை வென்றார்கள்.

துணி, கோபுரம், காற்று

கூரைத்துணி பத்தாண்டுகளுக்குமேல் தாமதமானது. அதற்கான பொருட்கள் 1982 வரை பிரான்ஸின் மார்செய் நகரக் கிடங்கு ஒன்றில் கிடந்தன. கோபுரம் முடிந்து கூரை மாட்டியது 1987-ல். அதைத் திறந்து மூட முடிந்தது அதற்கும் ஓராண்டு கழித்து.

அதன் இயக்கம் இப்படி: கோபுர நுனியிலிருந்து 26 கேபிள்கள் இறங்கித் துணியைப் பல புள்ளிகளில் பிடித்திருக்கும். துணியின் ஓரம் வளையத்தில் பூட்டப்பட்டிருக்கும். திறக்கும்போது ஓரப் பூட்டுகளை விடுவித்து, கேபிள்களைச் சுருட்ட, கைக்குட்டையை நடுவில் பிடித்துத் தூக்கினாற்போலத் துணி மடிந்து மேலேறிக் கோபுரத்தில் உள்ள மாடத்துக்குள் போய் ஒடுங்கும். கோடையில் திறந்தவெளி, குளிரில் மூடிய கூடம் என்பது கனவு.

பயன்படுத்திய இழை கெவ்லர். அதே எடையுள்ள எஃகைவிடப் பல மடங்கு இழுவிசை தாங்கும். ஆனால் அந்த இழைக்கு இரண்டு பகைகள் உண்டு. ஒன்று, சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர். அதனால்தான் மேலே பிளாஸ்டிக் பூச்சு தேவை. இரண்டாவது, மடிப்பு. இழுத்தால் அசையாத கெவ்லர், மடங்கும் இடத்தில் உட்புறம் அமுங்கும்போது நுண்ணிழைகள் முறிந்து பலவீனமாகும். இந்தக் கூரையின் வேலையே மடிவது. ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அதே கோடுகளில் மடியும், அங்கே பூச்சு விரியும், விரிசல் வழியே வெயிலும் ஈரமும் உள்ளே போகும். கண்ணுக்குத் தெரியாத அந்தக் கோடுதான் அடுத்த காற்றில் கிழியும்.

காற்றோ வேறொரு சிக்கல். விறைப்பாக இழுத்துக் கட்டிய துணி பெருங்காற்றையும் சமாளிக்கும், அதன் வளைவே அதற்கு வலிமை. பாதி தூக்கிய நிலையில் அந்த விறைப்பு போய்விடும். அப்போது அது ஒரு பாய்மரம். படபடத்து அடிக்கும்போது கேபிள் பிடித்த புள்ளிகளில் விசை பலமடங்கு ஏறும். எனவே மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் காற்று வீசினால் கூரையை அசைக்கவே கூடாது என்றானது. மழைமேகம் திரளும்போது மூட வேண்டும் என்றால், மேகத்தோடு காற்றும் வந்துவிடும். தேவைப்படும் நேரத்தில் இயக்க முடியாத எந்திரம் அது. மொத்தம் 88 முறைதான் திறந்து மூடினார்கள்.

1988-ல் பேஸ்பால் பருவத்தின் முதல் ஆட்டத்தில் நியூயார்க் மெட்ஸின் டேரில் ஸ்ட்ராபெரி அடித்த பந்து கூரையோரத்து வளையத்தில் போய் மோதியது. அவ்வளவு உயரத்துக்கு ஒரு பந்து ஏறும் என்று வடிவமைத்தவர்கள் எண்ணியிருக்க மாட்டார்கள்.

1991 இந்த அரங்கத்தின் கெட்ட ஆண்டு. கோடையில் புயற்காற்று கூரையைக் கிழித்தது. செப்டம்பர் 13 அன்று தாங்கு உத்திரங்கள் முறிந்து 55 டன் கான்கிரீட் பலகம் ஒன்று வெளிப்புற நடைபாதையில் விழுந்தது. யாருக்கும் அடிபடவில்லை. எக்ஸ்போஸ் அணி மிச்சமிருந்த 13 உள்ளூர் ஆட்டங்களையும் எதிரணிகளின் ஊரில் போய் ஆடியது. கான்கிரீட் ஏன் இப்படிக் கைவிடுகிறது என்பதற்குப் பொதுவான விடை தண்ணீர். விரிசலில் புகுந்த நீர் உறையும்போது 9 சதவீதம் பெருகும், உருகி மறுபடி உறைந்து விரிசலை அகலமாக்கும். பனி கரைக்கத் தூவும் உப்பு, நீரோடு உள்ளே இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்கவைக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும், மேலே உள்ள கான்கிரீட்டைப் பெயர்க்கும். கேபிள் இறுக்கிய கட்டடத்தில் இதில் ஆபத்து கூடுதல். பெயர்ந்த சிமெண்ட்டைப் பூசிவிடலாம், குழாய்க்குள் துருப்பிடிக்கும் கேபிளை வெளியிலிருந்து பார்க்கவே முடியாது.

1998-ல் கெவ்லரைக் கழற்றிவிட்டு, கண்ணாடி இழையில் டெஃப்லான் பூசிய நிலையான கூரை போட்டார்கள். இனித் திறப்பதில்லை என்று முடிவு செய்ததோடு மடிப்புச் சிக்கல் தீர்ந்தது. பனிச் சிக்கல் முதல் குளிர்காலத்திலேயே வந்தது. 1999 ஜனவரியில் கார் கண்காட்சிக்காக உள்ளே பந்தல் போட்டுக்கொண்டிருந்தபோது, பனியும் பனிக்கட்டியும் சேர்ந்து கூரையின் ஒரு பகுதியைக் கிழித்துக்கொண்டு கீழே இறங்கின. சில தொழிலாளர்கள் காயமடைந்தார்கள்.

இங்கே அந்த 3 சென்டிமீட்டர் விதிக்கு வரலாம். புதிதாக விழுந்த 3 சென்டிமீட்டர் பூம்பனியின் எடை சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 3 கிலோதான். சீராகப் பரவிக் கிடந்தால் எந்தத் துணியும் தாங்கும். ஆனால் தொங்கும் துணியில் எதுவும் சீராகக் கிடக்காது. காற்று பனியைத் தள்ளிப் பள்ளத்தில் குவிக்கும். உள்ளிருந்து வரும் வெப்பத்தில் உருகும் நீரும் அதே பள்ளத்துக்கு ஓடும். பத்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு நீர் நின்றால் சதுர மீட்டருக்கு 100 கிலோ. எடையால் துணி இன்னும் தொய்யும், தொய்ந்தால் இன்னும் நீர் சேரும். எங்கோ ஒரு தையல் விடும்வரை இது நிற்காது. ஏற்கெனவே ஒட்டுப்போட்ட துணி என்றால் எந்த ஒட்டு முதலில் விடும் என்று கணக்குப் போடவே வழியில்லை. 2024-க்குள் கிழிசல்களின் எண்ணிக்கை 20,000 தாண்டியிருந்தது.

வாடகைக்காரர்கள் போன வழி

ஒவ்வொரு அணியும் விலகியதில் இந்த அரங்கத்தின் குறை ஏதோ ஒன்று தெரிகிறது. 1997-ல் அலுவெட்ஸ் அணிக்குப் பிளேஆஃப் ஆட்டம் இருந்த நாளில் அரங்கம் யூ2 இசைக்குழுவுக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. வேறு வழியின்றி மெக்கில் பல்கலைக்கழகத்தின் பழைய பெர்சிவல் மோல்சன் மைதானத்துக்குப் போனார்கள். சிறிய இடம், நெருக்கமான இருக்கைகள், நிரம்பிய கூட்டம். அதன்பின் அணி நிரந்தரமாக அங்கேயே குடியேறியது.

எக்ஸ்போஸின் கதை இன்னும் சோகமானது. 1994-ல் 74 வெற்றி, 40 தோல்வி என்று லீகிலேயே முதலிடத்தில் இருந்தபோது வீரர்களின் வேலைநிறுத்தம் பருவத்தை அப்படியே முடித்துவைத்தது. சிறந்த வீரர்கள் விற்கப்பட்டார்கள். 2001-ல் ஒரு ஆட்டத்துக்குச் சராசரியாக 8,000 பேர்கூட வரவில்லை. பேஸ்பாலுக்கான நாற்பத்தையாயிரம் இருக்கைகளுக்கு நடுவே எட்டாயிரம் பேரின் கைதட்டல் கான்கிரீட்டில் பட்டுக் கரைந்துவிடும். நகரின் நடுவில் சிறிய திறந்தவெளி மைதானம் கட்டும் திட்டம் நிறைவேறவில்லை. 2004 செப்டம்பர் 29 அன்று கடைசி உள்ளூர் ஆட்டத்துக்கு 31,395 பேர் விடைகொடுக்க வந்தார்கள். அணி வாஷிங்டனுக்குப் போய்விட்டது. அரங்கத்தால்தான் அணி போயிற்று என்று முழுப் பழியையும் கான்கிரீட்டின்மேல் போடுவது சரியல்ல. ஆனால் அணியைப் பிடித்து நிறுத்தும் வலு அதற்கு இல்லை.

சாக்கர் அணி 2008-ல் பக்கத்திலேயே, ஒலிம்பிக் வீரர்கள் பயிற்சி ஓட்டம் ஓடிய இடத்தில், தனக்கென சபூட்டோ மைதானத்தைக் கட்டிக்கொண்டது. குளிர் விலகாத வசந்தத்தின் ஆரம்ப ஆட்டங்களுக்கும், மிகப் பெரிய கூட்டத்துக்கும் மட்டும் பழைய அரங்கத்துக்கு வந்தது. 2015 ஏப்ரலில் மெக்சிகோவின் கிளப் அமெரிக்காவுக்கு எதிரான கான்ககாஃப் (வட, மத்திய அமெரிக்க, கரீபிய நாடுகளின் கால்பந்துக் கூட்டமைப்பு) சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்துக்கு 61,004 பேர் வந்தார்கள். 1980-ல் லியோனார்டும் டுரானும் மோதிய குத்துச்சண்டைக்கும் இதே கொள்ளளவுதான் கைகொடுத்தது. ஆண்டுக்கு எண்பது நாள் நிரப்ப முடியாது, ஆனால் இரண்டு நாள் நிரம்பி வழியும்.

வளாகத்தின் மற்றக் கட்டடங்கள் தங்களுக்கு ஒரே ஒரு வேலையைத் தேடிக்கொண்டு பிழைத்தன. சைக்கிள் பந்தய மண்டபம் 1992-ல் பயோடோம் என்ற உயிரினக் காட்சியகமானது, நகரின் விருப்பமான இடங்களில் ஒன்று அது. பல்லாண்டு காலியாகக் கிடந்த கோபுரத் தளங்களுக்கு 2018-ல் தெழார்தான் என்ற கூட்டுறவு வங்கி அலுவலகமாக வந்தது.

இடிப்பது எளிதா? இல்லை. சாதாரணக் கட்டடத்தில் தூணை வெடித்தால் மேலே உள்ளது விழும். கேபிள் இறுக்கிய விலாவில் ஒவ்வொரு வடத்திலும் பெரும் இழுவிசை தேங்கி நிற்கிறது. ஒழுங்கின்றி வெட்டினால் அது ஒரே நொடியில் விடுபட்டுத் துண்டுகளை வீசியடிக்கும். விலாவைக் கீழிருந்து முட்டுக்கொடுத்து, விசையைத் தணித்து, மணிச்சரத்தை அவிழ்ப்பதுபோலத் துண்டுதுண்டாக இறக்க வேண்டும். அருகிலேயே மெட்ரோ, ஒட்டினாற்போல பயோடோம். மாகாண அரசு 2024 பிப்ரவரியில் சொன்ன மதிப்பீடு: இடிக்க 200 கோடி டாலர், புதுக் கூரை போட 87 கோடி.

அந்த 87 கோடி துணிக்கு மட்டுமான விலையல்ல. விலா நுனிகளை இணைக்கும் வளையமும் பழுதாகிவிட்டது, அதைக் கழற்றி மாற்றாமல் மேலே எதையும் ஏற்ற முடியாது. எனவே வரிசை இப்படி: முதலில் பழைய துணி, பிறகு வளையம், புது வளையம், அதன்மேல் கெட்டியான நிலைக்கூரை. வேலை 2024-ல் தொடங்கிவிட்டது, முடிவது 2028-ல் என்பது திட்டம். தாயிபேர் இதைப் பார்க்க இல்லை, 2019-ல் தன் 93-வது வயதில் காலமானார். புதுக் கூரையும் திறக்காது. ஆனால் அதன் ஓரத்தைச் சுற்றி ஒரு கண்ணாடி வளையம் வைக்கிறார்கள், பகல் வெளிச்சம் களத்தில் விழுவதற்காக.